எலும்பில் கத்திப் பிடி: நீலகிரியில் முதன்முறை செய்பவர்களுக்கு

எலும்புப் பிடி எல்லாக் கத்திக்கும் ஆகாது. கவாத்துக் கத்திக்கும் விறகு வெட்டும் அரிவாளுக்கும் அதைப் போட நினைக்காதீர்கள். தேயிலைச் செடியின் தண்டில் விழும் ஒவ்வொரு வெட்டின் அதிர்ச்சியும் பிடிக்குத்தான் வந்து சேரும். மரம் அதைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். எலும்பு நீளவாக்கில் பிளந்துவிடும். மழையில் நனைந்த கையோடு மெருகேற்றிய எலும்பைப் பிடித்தால் வழுக்கவும் செய்யும். காய்கறிக் கத்தி, பழக்கத்தி, சாப்பாட்டு மேசைக் கத்தி, சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சின்னக் கத்தி ஆகியவற்றுக்கு எலும்பு அருமையான பொருள். கையில் எடுத்தால் கனம் தெரியும், வருடக்கணக்கில் புழங்கப் புழங்கத் தேன் நிறத்துக்கு வரும்.

கத்தியில் பிடி பொருத்துவது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வேலை. எலும்பைத் தயார் செய்வதுதான் வாரக்கணக்கில் இழுக்கும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் அரத்தையும் ட்ரில்லையும் பற்றி நிறையக் கேட்கிறார்கள், கொழுப்பு எடுப்பதையும் உலர்த்துவதையும் பற்றிக் கேட்பதில்லை. பிடி விரிசல் விடுவதும், நாற்றம் அடிப்பதும், ஆணியைச் சுற்றிப் பச்சை பூப்பதும் பெரும்பாலும் அந்த இரண்டில் அவசரப்பட்டதால் வருகிறவை. அதனால் இந்தக் கட்டுரையில் பாதி கத்தியைத் தொடுவதற்கு முந்தைய வேலையைப் பற்றியது.

காட்டில் கிடக்கும் எலும்பைத் தொடாதீர்கள்

நம் ஊரில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். தோட்டத்துக்குள் காட்டெருமை திரிகிறது, ஓடையோரம் கடமான் கொம்பு கிடக்கிறது. வெயிலில் வெளுத்துக் கிடக்கும் கொம்பைப் பார்த்தால் கத்திக்கு ஆகுமே என்று கை பரபரக்கும். ஒரு காலத்தில் இந்தியக் கடமான் கொம்புகள் கப்பலேறி இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திப் பட்டறைகளுக்குப் போனதும் உண்மைதான். ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தானாக உதிர்ந்த கொம்பாக இருந்தாலும் அது அரசின் சொத்து. எடுத்து வீட்டில் வைத்தாலே குற்றம். காட்டெருமை எலும்புக்கும் இதேதான். நாட்டு மாட்டு எலும்பு என்று நீங்கள் நம்பி எடுத்தது காட்டெருமையுடையதாக இருந்துவிட்டால், விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

சட்டத்தை விட்டாலும் இன்னொரு காரணம் இருக்கிறது. செத்துக் கிடந்த மாடு எதனால் செத்தது என்று உங்களுக்குத் தெரியாது. அடைப்பான் நோயில் செத்திருந்தால், அந்தக் கிருமியின் வித்துகள் பல வருடம் உயிரோடு கிடக்கும், சாதாரணமாக வேகவைத்தாலும் சாகும் என்று நம்ப முடியாது. எலும்பையும் தோலையும் கம்பளியையும் கையாண்ட தொழிலாளர்களை முன்பு வாட்டிய நோய் அது. ஆகவே எலும்பு கறிக்கடையிலிருந்துதான் வர வேண்டும்.

ஊட்டியிலும் குன்னூரிலும் பழைய பங்களாச் சாமான்களோடு வெள்ளைப் பிடி போட்ட மேசைக்கத்திகள் விலைக்கு வரும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். லென்ஸ் வைத்துப் பாருங்கள். எலும்பாக இருந்தால் ஊசி முனை குத்தியது போலப் புள்ளிகளும், நீளவாக்கில் சிறு கோடுகளும் தெரியும். அவை இரத்தக் குழாய் ஓடிய தடங்கள். அந்தத் தடங்கள் இல்லாமல், பிடியின் முனையில் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் வளைகோடுகள் தெரிந்தால் அது யானைத் தந்தம். விட்டுவிட்டு வாருங்கள்.

கடையில் எதைக் கேட்பது

வேண்டியது எருமை அல்லது மாட்டின் முன்னங்காலில், முட்டிக்குக் கீழே, குளம்புக்கு மேலே இருக்கும் நீளமான ஒற்றை எலும்பு. அது நேராக இருக்கும், சுவர் கெட்டியாக இருக்கும், ஒரு பக்கம் தட்டையாகவும் இருக்கும். பின்னங்கால் எலும்பு இன்னும் நீளம், ஆனால் சதுர வாட்டமானது, தட்டைப் பரப்பு குறைவு. தொடை எலும்பில் பெரிய துண்டு கிடைக்கும் என்று தோன்றும். அது உருண்டையாக இருப்பதால் தட்டையாக்கும்போது பாதி தேய்ந்தே போய்விடும். ஆட்டுக்கால் எலும்பு பேனாக்கத்தி அளவுக்கு மேல் எதற்கும் பற்றாது.

கால் எலும்பு பாயாவுக்குப் போகிற சாமான் என்பதால் கடையில் அதைத் தீயில் வாட்டி, துண்டு போட்டுத்தான் தருவார்கள். வாட்டிய எலும்பு நமக்கு ஆகாது. சூட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுந்திருக்கும், மெருகேற்றும்போது அவை கறுப்புக் கோடாக எழும். முந்தின நாளே போய், "பாய், முன்னங்கால் ரெண்டு, வாட்டாம வெட்டாம முழுசா எடுத்து வைங்க" என்று சொல்லிவிடுங்கள். "சூப்புக்கா?" என்றுதான் கேட்பார். கத்திப் பிடிக்கு என்று சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார், ஆனால் அடுத்த முறையிலிருந்து நல்லதாகப் பார்த்து எடுத்து வைப்பார். வயதான மாட்டு எலும்பு கிடைத்தால் இன்னும் நல்லது, சுவர் கெட்டியாக இருக்கும்.

இரண்டு கால் வாங்கச் சொல்வது சேதாரத்துக்காக. ஒரு காலில் ஒரு ஜோடிச் சில்லு நிச்சயம் தேறும். சில்லு என்று நான் சொல்வது, கத்தி இரும்பின் இரண்டு பக்கமும் ஒட்டுகிற தட்டைத் துண்டை.

சுத்தம் செய்தல்

தோலும் சதையும் தசைநாரும் எவ்வளவு போகுமோ அவ்வளவையும் கத்தியால் வழித்து எடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பச்சை எலும்பின் ஓரம் கையைக் கிழிக்கும். பிறகு பிடிமான வைசில் இறுக்கி, இரண்டு முனைக் குமிழ்களையும் ஹேக்சா பிளேடால் அறுத்துத் தள்ளுங்கள். இப்போது இரண்டு பக்கமும் திறந்த குழாய் மாதிரி நிற்கும். உள்ளே இருக்கும் மஜ்ஜையைக் கம்பியாலும் பாட்டில் கழுவும் பிரஷ்ஷாலும் குத்தி வெளியே தள்ளுங்கள். குமிழை அறுக்காமல் முழு எலும்பாக வேகவைப்பவர்கள் உண்டு. மஜ்ஜைக் கொழுப்பு உள்ளேயே உருகிச் சுவரில் ஊறிப்போகும், பிறகு அதை எடுப்பது பெரும்பாடு.

அடுத்தது வேகவைப்பது. இங்கேதான் நிறையப் பேர் எலும்பைக் கெடுக்கிறார்கள். கெட்டி எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சுண்ணாம்புச் சத்துள்ள தாது. மீதி கொலாஜன் என்ற புரத நாரும் தண்ணீரும். கடினம் தாதுவிலிருந்து வருகிறது, உடையாமல் தாக்குப்பிடிக்கும் குணம் நாரிலிருந்து வருகிறது. தளதளவென்று மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் அந்த நார் கரைந்து சூப்பாக வெளியேறிவிடும். மிஞ்சுவது சாக்கட்டி போல உதிரும். குக்கரில் போடவே கூடாது. ஊட்டியில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், பருப்பு வேகவில்லை என்று எதற்கும் குக்கரைத் தூக்கும் பழக்கம் நமக்கு உண்டு. இந்த வேலைக்கு அந்தக் குறைந்த சூடுதான் நல்லது, அதையும் இன்னும் தணித்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னக் குமிழி வரும் அளவுக்குத் தீ இருந்தால் போதும். தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு ஸ்பூன் விடுங்கள். ஒரு மணி நேரம் ஆனதும் இறக்கி, தானாக ஆறவிட்டு எடுங்கள். சூடான எலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டால் விரிசல் விழும். மிச்சச் சதையெல்லாம் இப்போது சுலபமாகச் சுரண்டி எடுக்க வரும்.

சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள், வீட்டுக்குள்ளும் செய்யாதீர்கள். வாசனை திரைச்சீலையில் ஏறினால் ஒரு வாரம் போகாது. வெளியில் செய்தால் பகலில் செய்து முடித்துவிடுங்கள். கோத்தகிரிப் பக்கம் எண்ணெய் வாசனைக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு கரடி வருவது புதுச் செய்தி இல்லை. காட்டுப்பன்றி வரும், நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தையும் வரலாம். இரவில் எலும்பையோ அது வெந்த தண்ணீரையோ வாசலில் வைக்க வேண்டாம். மூடி உள்ள வாளியில் உள்ளே வையுங்கள். தண்ணீரைக் குழி தோண்டி ஊற்றி மண்ணைத் தள்ளி மூடிவிடுங்கள்.

இனி கொழுப்பு. வெந்து வெளுத்துவிட்டது, வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. எலும்பின் நுண்துளைகளுக்குள் கொழுப்பு இன்னும் நிறைய இருக்கும். எலும்பை நீளவாக்கில் பிளந்து, வேண்டிய அளவைவிடக் கொஞ்சம் பெரிய துண்டுகளாக்கிக்கொண்டால் அது வேகமாக வெளியே வரும். துண்டுகளை மூடியுள்ள வாளியில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரும் தாராளமாகப் பாத்திரம் கழுவும் திரவமும் ஊற்றி ஊறவிடுங்கள். தண்ணீர் கலங்கி மேலே ஏடு கட்டும்போதெல்லாம் மாற்றுங்கள். சமவெளியில் வெயிலில் வைத்தாலே தண்ணீர் சூடாக இருக்கும், இரண்டு வாரத்தில் முடியும். இங்கே வாளித் தண்ணீர் காலையில் ஐஸ் மாதிரி இருக்கும், கொழுப்பு உறைந்து அசையாது. தினம் ஒரு தடவை சுடுதண்ணீர் மாற்ற முடிந்தால் மூன்று நாலு வாரம், முடியாவிட்டால் அதற்கும் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததா என்று பார்க்க ஒரு வழி: துண்டைத் துடைத்து இரண்டு நாள் காயவிட்டு, செய்தித்தாள் மேல் வைத்து, அடுப்புச் சூடு இலேசாகப் படும் இடத்தில் ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளில் எண்ணெய்க் கறை இருந்தால் மறுபடியும் வாளிக்குள். மஞ்சளாக, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் திட்டுகள் தெரிந்தாலும் அது கொழுப்புதான். பிடிவாதமான திட்டுக்கு அசிட்டோனில் ஓரிரு நாள் மூழ்க வைக்கலாம். கண்ணாடிப் பாட்டில், இறுக்கமான மூடி, பக்கத்தில் தீ கூடாது.

வெள்ளையாக வேண்டும் என்றால் மருந்துக் கடையில் விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். 6 சதவீதக் கரைசலோடு அதே அளவு தண்ணீர் கலந்து ஓரிரு நாள் ஊறவையுங்கள். வாயு வெளிவரும் என்பதால் மூடியை இறுக்கக் கூடாது. பிளீச்சிங் பவுடரும் பாத்ரூம் கழுவும் திரவமும் வேண்டவே வேண்டாம். அவை எலும்பையே தின்றுவிடும், மேல்பரப்பு மாவாக உதிரும். எனக்கு அந்தப் பளீர் வெள்ளை பிடிக்காது, பிளாஸ்டிக் போல இருக்கும். கொழுப்பு போனபின் வரும் இயல்பான பால் நிறமே அழகு. அது அவரவர் விருப்பம்.

உலர்த்துதல்

எலும்பு ஈரத்துக்கு ஊதும், காய்ந்தால் சுருங்கும். மூடுபனிக் காலத்தில் கோத்தகிரியில் பிடி போட்டு, கத்தியை ஏப்ரலில் மேட்டுப்பாளையத்துக்கு எடுத்துப்போனால் என்ன ஆகும்? சில்லு சுருங்கும், இரும்பு சுருங்காது, ஆணித் துளையிலிருந்து விரிசல் ஓடும். அதனால் பிடி போடுவதற்கு முன்பே எலும்பு நன்றாகக் காய்ந்து சுருங்கி முடித்திருக்க வேண்டும்.

டிசம்பரிலிருந்து மார்ச் வரை நமக்குத் தோதான காலம். இரவில் பனி கொட்டினாலும் பகல் காற்று வறண்டிருக்கும். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர், நடுவட்டம் பக்கமும், ஐப்பசி மழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் எலும்பு தானாகக் காயும் என்று எதிர்பார்க்காதீர்கள். நேரடி வெயிலும் கூடாது, விறகடுப்புக்கு நேர் மேலேயும் கூடாது. மேல்பக்கம் மட்டும் சட்டென்று காய்ந்து வெடிக்கும். நிழலில், காற்றோட்டமாக, கம்பி வலை மேல் பரப்பி வையுங்கள். மழைக்காலத்தில் செய்தே ஆக வேண்டும் என்றால், ஒரு மரப்பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பு மாட்டி, பல்பிலிருந்து ஒரு முழம் தள்ளித் துண்டுகளை வையுங்கள். பெட்டியில் மேலேயும் கீழேயும் காற்றுத் துளை இருக்கட்டும். இந்தப் பெட்டி பின்னால் பசை காயவைக்கவும் உதவும்.

எப்போது காய்ந்தது என்று கை சொல்லாது, தராசு சொல்லும். சமையலறை டிஜிட்டல் தராசில் ஒவ்வொரு துண்டையும் நிறுத்து, எடையைப் பென்சிலால் அதன் மேலேயே எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி நிறுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் தயார்.

தூசி

அரம் போடுவதற்கு முன் ஒரு முக்கியமான விஷயம். எலும்புத் தூசி மாவு போல நுண்ணியது, நுரையீரலுக்கு நல்லதே இல்லை. துணியைக் கட்டிக்கொள்வது போதாது, என்95 முகக்கவசமாவது வேண்டும். வெளியில் உட்கார்ந்து செய்யுங்கள். முடிந்த இடமெல்லாம் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், தூசி பறக்காது. கிரைண்டிங் மெஷினில் வைத்தால் முடி கருகும் நாற்றம் வரும். அந்த நாற்றம் வந்தால் எலும்பு சுடுகிறது என்று அர்த்தம், உடனே எடுத்து ஆறவிடுங்கள். முதல் கத்தியைக் கை அரத்திலேயே செய்யச் சொல்வேன். மெதுவாகத்தான் போகும், ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்பது கைக்குப் பழகும்.

சில்லு எடுத்தல்

எலும்பின் உட்பக்கம் தேன்கூடு போலத் துளைத்துளையாக இருக்கும். அந்தப் பகுதி முழுவதும் தேய்ந்து, கெட்டியான பரப்பு வரும்வரை அரம் போட வேண்டும். ஒட்டும் முகத்தில் துளைகள் மிஞ்சினால் ஓரத்தில் அவை வெளியே தெரியும், அழுக்கும் ஈரமும் அங்கேதான் போய்த் தங்கும். பிறகு ஒரு தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 80ஆம் நம்பர் உப்புத்தாளை ஒட்டி, சில்லின் உட்பக்கத்தை அதில் வட்டமாகத் தேய்த்துத் தட்டையாக்குங்கள். வெளிச்சத்துக்கு எதிரே இரும்பின் மேல் வைத்துப் பார்த்தால் நடுவில் ஒளி கசியக் கூடாது. காய்கறிக் கத்திக்கு 10 செ.மீ. நீளம், 2 முதல் 2.5 செ.மீ. அகலம், 5 மி.மீ. கனம் இருந்தால் போதும். நம் நாட்டு மாடுகள் சிறியவை, இதைவிடக் கனம் எதிர்பார்க்க முடியாது. 4 மி.மீ.க்குக் கீழே போனால் அந்தச் சில்லை விட்டுவிடுங்கள்.

நீளம் எப்போதும் எலும்பின் நீளவாக்கிலேயே இருக்க வேண்டும். குறுக்காக வெட்டி எடுத்த துண்டு பட்டென்று ஒடியும்.

கத்தி

கடையில் வாங்கிய கத்தியின் பிளாஸ்டிக் பிடியை உடைத்தெடுத்தும் செய்யலாம். ஆனால் நீலகிரியில் இருந்துகொண்டு கொல்லுப்பட்டறையை மறப்பானேன்? கோத்தர்களின் ஏழு ஊர்களும் இரும்பு வேலைக்குப் பேர்போனவை. படகர், தோடர், குறும்பர் எல்லோருக்கும் கத்தியும் அரிவாளும் அடித்துக் கொடுத்தவர்கள் அவர்கள். இன்று சந்தைப் பக்கம் வேறு கொல்லர்களும் இருக்கிறார்கள். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த சின்னக் கத்தி ஒன்றை, பிடி போடாமல், பிடிப் பகுதி முழு அகலத்துக்கு வரும்படி கேளுங்கள். அந்தப் பகுதியில் 4 மி.மீ. துளை இரண்டோ மூன்றோ, பதம் வைத்துக் கடினமாக்குவதற்கு முன்பே போட்டுத் தரச் சொல்லுங்கள். பதம் வைத்த இரும்பில் வீட்டு ட்ரில் இறங்காது.

கையில் கத்தி வந்ததும் முதல் வேலை, கூர்முனை உட்பட அலகு முழுவதையும் அட்டை வைத்து டேப் சுற்றுவது. இதற்குப் பிறகு அலகைப் பிடித்துக்கொண்டுதான் எல்லா வேலையும்.

துளையும் வடிவமும்

ஒரு சில்லின் மேல் இரும்பை வைத்து இறுக்கி, இரும்பின் துளை வழியாகவே ட்ரில் விடுங்கள். சில்லுக்கு அடியில் ஒரு மரத்துண்டு வேண்டும், இல்லாவிட்டால் ட்ரில் வெளிவரும் இடத்தில் எலும்பு சிதறும். மெதுவான வேகம், அடிக்கடி வெளியே எடுத்து ஆற்றுவது, இதற்கு மேல் சூட்சுமம் இல்லை. துளை ஓரத்திலிருந்து 8 மி.மீ.யாவது உள்ளே இருக்கட்டும். ஆணிக்குப் பித்தளைக் கம்பி நல்லது. கம்பி துளைக்குள் விரல் அழுத்தத்திலேயே போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் துளை சின்னது என்று பொருள், உருட்டு அரம் விட்டுக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்.

இரண்டு சில்லையும் பசை இல்லாமல் ஆணியில் மாட்டி, பிடியின் வடிவத்தை ஏறக்குறைய முடித்துவிடுங்கள். பின்னால் மில்லிமீட்டர் கணக்கில்தான் தேய்க்க வேண்டியிருக்க வேண்டும். அலகுப் பக்கம் இருக்கும் சில்லின் முன்முனையை மட்டும் இப்போதே கடைசி மெருகு வரை கொண்டுபோய்விடுங்கள். ஒட்டிய பிறகு அங்கே தாள் போட்டால் அலகில் கீறல் விழும்.

நிறம் ஏற்றுவதானால் அதற்கும் இதுதான் நேரம், கழற்றி வைத்திருக்கும்போது. நம்மிடம் இருக்கும் சாயத்தைவிட நல்ல சாயம் இல்லை: டஸ்ட் டீ. நாலைந்து ஸ்பூன் தூளை ஒரு டம்ளர் தண்ணீரில் கறுக்கக் காய்ச்சி, வடிகட்டி, வெதுவெதுப்பாக ஆறியதும் சில்லுகளைப் போடுங்கள். முதலில் வினிகரில் ஒரு நிமிடம் முக்கிக் கழுவினால் நிறம் நன்றாகப் பிடிக்கும். அதற்கு மேல் வினிகரில் விட்டால் எலும்பு மெத்தென்றாகிவிடும். அரை நாளில் வெளிர் பழுப்பு, இரண்டு மூன்று நாளில் பழைய மேசைக்கத்தி நிறம். கத்தியில் ஒட்டிய பிறகு டீயில் முக்கலாமே என்று கேட்பார்கள். டீயின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை உருவாகும், அது இரும்பின் ஓரமாக எலும்பில் இறங்கிவிடும். சாயம் போட்டதும் சில்லுகளை மறுபடியும் காயவைத்து, தராசில் பழைய எடைக்கு வந்ததா என்று பாருங்கள்.

ஒட்டுதல்

இரும்பு, எலும்பு இரண்டின் ஒட்டும் முகத்தையும் 60ஆம் நம்பர் தாளால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அசிட்டோன் தொட்ட துணியால் துடையுங்கள். அப்புறம் விரல் படக் கூடாது. இரும்புக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய தாள் வைப்பது நல்ல வழக்கம், இரண்டும் வேறு வேறு அளவில் அசைவதை அது கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். மோட்டார் வைண்டிங் கடையில் லெதராய்டு தாள் என்று கேட்டால் கிடைக்கும்.

பசைக்கு, இரண்டு டியூப்பாக வரும் அரால்டைட் போதும். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், மெதுவாக இறுகும் சாதாரண வகைதான் நிலைக்கும். நம் குளிரில் டியூப்பில் இருந்தே வெளியே வராது, சுடுதண்ணீர் டம்ளரில் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள். இரண்டு பசையையும் சம அளவில் எடுத்து நன்றாகக் குழைத்து, எல்லா முகங்களிலும், ஆணி மேலும், துளைக்குள்ளும் தடவுங்கள். இரும்பில் ஓர் இடமும் பசை படாமல் இருக்கக் கூடாது. விட்ட இடத்தில் துரு பிடித்துச் செம்மஞ்சள் கறையாக எலும்பு வழியே வெளியே வரும். கிளாம்பை இறுக்கிப் பிழிந்துவிடாதீர்கள், பசையெல்லாம் வெளியே போய்விடும். ஓரமெல்லாம் மணிமணியாகப் பசை எட்டிப் பார்த்தால் போதும். முன்முனையில் வழிந்ததைத் தின்னர் தொட்ட துணியால் உடனே துடையுங்கள்.

கீழே சமவெளியில் ஒரு நாளில் இறுகுவது இங்கே ஜனவரியில் இரண்டு நாளானாலும் நகத்துக்கு மெத்தென்றுதான் இருக்கும். பல்புப் பெட்டிக்குள் வையுங்கள்.

ஆணித் தலையை ரிவெட்டு மாதிரி அடித்துப் பரப்ப வேண்டாம். எலும்புப் பிடிகள் உடையும் நேரங்களில் இதுவும் ஒன்று. பசையே பிடித்துக்கொள்ளும். ஆணியை மேல்மட்டத்துக்கு அரம் போட்டால் போதும். கொழுப்பு சரியாகப் போகாமல் இருந்தால் சில மாதத்தில் இந்தப் பித்தளையைச் சுற்றிப் பச்சைக் களிம்பு கட்டும், அப்போது தெரிந்துவிடும்.

முழுக்குழாய் எலும்பையே பிடியாக்குவது இன்னொரு முறை. பிடிக்குள் நுழையும் ஒல்லியான வால் உள்ள கத்திக்கு அது ஆகும். குழாயின் ஓட்டையில் காய்ந்த சில்வர் ஓக் கட்டையைச் சீவி அடைத்து, அதில் துளை போட்டு, வாலைப் பசையோடு இறக்கி, வாய்ப்பக்கம் பித்தளைப் பூண் மாட்ட வேண்டும். பூண் இல்லாமல் செய்தால் வாய் பிளக்கும். முன்பெல்லாம் பசைக்குப் பதில் அரக்கை உருக்கி ஊற்றினார்கள். சில்லு முறை கைவந்த பிறகு இதற்குப் போகலாம்.

மெருகு

120, 220, 400, 600, 1000 என்று வாட்டர் பேப்பரில் ஏறிக்கொண்டே போங்கள். சாயம் போட்டிருந்தால் 400இல் இருந்து இலேசான கையோடு ஆரம்பியுங்கள், நிறம் ஆழமாக இறங்கியிருக்காது. தண்ணீர் தொட்டுக்கொள்ளலாம், ஊறவிடக் கூடாது. ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால் முந்தைய கீறல் போனதா என்று தெரியும். 1000க்குப் பிறகு பித்தளை மெருகேற்றும் பாலிஷைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் எலும்பும் ஆணியும் சேர்ந்து பளபளக்கும். மயிரிழை வெடிப்பு ஏதாவது கண்ணில் பட்டால், தண்ணீர் போல ஓடும் ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டு, காய்ந்ததும் தேயுங்கள்.

கடைசியாகத் தேன்மெழுகு. கோத்தகிரியில் காட்டுத்தேன் விற்கும் இடங்களில் மெழுகுக் கட்டியாகவே கிடைக்கும். பிடியை உள்ளங்கைச் சூட்டில் வைத்திருந்து மெழுகைப் பூசி, பழைய பனியன் துணியால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்பவர்கள் உண்டு. ஒரு மாதம் பாடுபட்டு எடுத்த கொழுப்பை மறுபடியும் உள்ளே விடுவானேன், சிக்கு நாற்றமும் வரும்.

கத்தியைக் கொடுக்கும்போது

யாருக்காவது பரிசாகக் கொடுப்பதானால் பிடி எலும்பு என்பதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். சமையலறையில் அதை வைக்க விரும்பாத வீடுகள் உண்டு. டீ சாயம் போட்ட பிடியைப் பார்த்து மரம் என்று நினைத்து வாங்கிக்கொள்வார்கள், பிறகு தெரிந்தால் சங்கடம்.

வாங்குபவரிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். சிங்க்கில் ஊறப்போடக் கூடாது, ஈரத்துணியால் துடைத்து உடனே காயவைக்க வேண்டும். பழைய ஷெஃபீல்டு மேசைக்கத்திகளின் பிடி கழன்று ஆடுவது கொதிநீரில் போட்டுக் கழுவியதால்தான், உள்ளே இருந்த பிசின் இளகிவிடும். நம் பசையும் அந்தச் சூட்டை விரும்பாது. சமவெளிக்குப் போகிற கத்தி என்றால் முதல் கோடையில் மாதம் ஒருமுறை மெழுகு தேய்க்கச் சொல்லுங்கள். சில்லின் ஓரம் இரும்பைவிட்டு முடி அளவு விலகினாலும் கத்தியைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிடுங்கள். மெல்லிய பசையை விட்டு இறுக்கினால் அந்த நிலையில் சரியாகிவிடும். தண்ணீர் உள்ளே போய்த் துரு ஏறிவிட்டால் ஆணியை ட்ரில் போட்டு எடுத்து, சில்லைப் பெயர்த்து, ஒட்டும் வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான்.